கறுப்பு மேலங்கி கந்தோருக்கு வந்த கதை

கிழக்கிலங்கையின் கல்முனைக் கடைத்தெருவில் வரிசையாகத் தொங்கும், முஸ்லிம் பெண்கள் அணியும் ஹபாயாக்களில் பெரும்பாலானவை எண்ணெய்க் கிணற்றில் பிறந்தவை. ஒட்டகமும் பேரீச்சையும் அவற்றின் பிறப்புச் சான்றிதழில் இல்லை. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரண்டு இரசாயனவியலாளர்கள் டெரெப்தாலிக் அமிலத்தையும் எத்திலீன் கிளைக்கோலையும் சேர்த்து உருக்கி இழையாக இழுத்தார்கள். அந்த இழைதான் பொலியஸ்டர். அதன் மூலப்பொருள்கள் இரண்டும் இன்று பெரும்பாலும் பெற்றோலியத்திலிருந்தே வருகின்றன. ஆகவே வளைகுடாவின் எண்ணெய் இந்தக் கதைக்குள் இருமுறை வருகிறது: ஒருமுறை துணியாக, இன்னொருமுறை அந்தத் துணியை வாங்கிய சம்பளமாக.

இழையிலிருந்து துணிவரைக்குமான பயணத்தில் ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் பெரிய பங்கு உண்டு. இரண்டும் முஸ்லிம் நாடுகள் அல்ல. ஜப்பானியர் மரண வீட்டுக்கு ஆழ்ந்த கறுப்பு உடுத்துப் போகும் வழக்கமுள்ளவர்கள். சாயம் கொஞ்சம் வெளிறினாலும் அங்கே கண்ணுக்குப் படும். அதனால் கறுப்பை மேலும் கறுப்பாக்கும் வித்தையை அந்த ஆலைகள் கற்றுக்கொண்டன. பொலியஸ்டரைக் காரத்தில் ஊறவைத்தால் இழையின் மேற்பரப்பு அரிக்கப்பட்டு மெலியும், துணி பட்டுப்போல விழும். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்தால் ஒளி திரும்பி வராது, கறுப்பு ஆழமாகத் தெரியும். இப்படி மெருகேறிய மெல்லிய துணிகளில் ஒன்றைத்தான் நம் கடைக்காரர் மேசையில் விரித்துப்போட்டு "இது நிதா, தொட்டுப் பாருங்க" என்கிறார். பருத்தியில் ஏற்றிய கறுப்பு கடற்கரை வெயிலிலும் உப்புக் காற்றிலும் சீக்கிரம் சாம்பல் நிறமாகிவிடும். நிதா ஆண்டுக்கணக்கில் கறுப்பாகவே கிடக்கும். சம்பளத்தில் வாழும் பெண்ணுக்கு இது சின்னக் காரணமல்ல.

வளைகுடாவில் ஹபாயா முன்பு தலையிலிருந்து தொங்கிய மேலங்கி. தோளிலிருந்து தொங்கும் வெட்டு பிறகு வந்தது. அது வந்தபோது சவூதி உலமாக்களில் ஒரு சாரார் அதைக்கூட ஏற்கவில்லை. எந்த வெட்டானாலும் அது தெருவுக்கானது. வாசலைத் தாண்டும்போது மற்ற உடுப்புகளுக்கு மேலே போட்டுக்கொண்டு, பெண்கள் மட்டும் இருக்கும் இடத்துக்கு வந்ததும் கழற்றி மாட்டிவிடுவார்கள். டுபாய் தேராவின் நைஃப் சூக்கில் நெருக்கியடித்து நிற்கும் கடைகளில் விற்கப்படுவதும் இதே மேலங்கிதான். அணிந்துகொண்டே எட்டு மணி நேரம் மேசையில் உட்கார்ந்து கோப்பு எழுதுவதற்கென்று யாரும் அதை முதலில் வெட்டவில்லை. அப்படி வெட்டியவர்கள் பிற்பாடு வந்தார்கள். அவர்களில் ஒரு கூட்டத்தார் நம் கரையின் தையற்காரர்கள்.

1973இல் எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவில் வீடுகள் பெருத்தன, வீட்டு வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. 1977இல் இலங்கை தன் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. எழுபதுகளின் கடைசியிலிருந்து சவூதிக்கும் குவைத்துக்கும் புறப்பட்டவர்களில் கிழக்குக் கரையின் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது 1985இல்தான். அதற்குள் பல வீடுகளில் உம்மா வெளிநாட்டிலும் பிள்ளைகள் உம்மம்மாவிடமும் என்று ஆகிவிட்டிருந்தது. வேலைக்குப் போன பெண் ஹபாயாவை முதலில் பார்த்தது இஸ்திரி மேசையில்: எசமானியின் உடுப்பு, சூடு கூடினால் பளபளத்துக் கெட்டுப்போகும் உடுப்பு. ஒப்பந்தம் முடிந்து திரும்பும்போது பால்மா, சோப்பு, போர்வை ஆகியவற்றோடு சூட்கேசில் ஒன்று வந்தது. பெட்டியைத் திறந்தபோது அந்தத் துணியைவிட அத்தர் வாசனைதான் முதலில் வெளியே வந்தது என்று சொல்லும் ராத்தாமார் இன்னும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

அதற்கு முன் இந்தக் கரையின் படித்த முஸ்லிம் பெண்ணின் உத்தியோக உடை சேலை. முந்தானையைத் தலைமேல் இழுத்து முக்காடிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போன டீச்சர்மாரைப் பழைய குழுப் படங்களில் காணலாம். காரைதீவு, பாண்டிருப்புத் தமிழ் ஆசிரியைகள் பக்கத்தில் நின்றால் முக்காடு மட்டுமே வித்தியாசம். மருதமுனைத் தறிகள் சாரனோடு சேலையும் நெய்தன. எழுபதுகளின் முற்பாதியில் இறக்குமதி இறுகியிருந்த காலம் கைத்தறிக்கு நல்ல காலம். 1977க்குப் பிறகு வெளிநாட்டுத் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது, தறிச்சத்தம் குறைந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிச் சுனாமி மருதமுனைக் கரையோரத்தை அடித்துப்போனதில் தறிகளும் போயின. சேலையின் வீழ்ச்சியை ஹபாயாவின் கணக்கில் மட்டும் எழுதுவது ஆகவே நியாயமில்லை.

ஆனால் பக்கத்து வீட்டாரும் பகிர்ந்துகொண்ட உடை கைவிடப்பட்டதற்கு அரசியல் காரணமும் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும். 1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் ஏறாவூரிலும் கொலைகள் நடந்தன. அந்த வருடத்துக்குப் பிறகு கிழக்கில் முஸ்லிம் என்பதும் தமிழர் என்பதும் வேறு வேறு ஊர், வேறு வேறு சந்தை, வேறு வேறு பஸ் தரிப்பிடம் என்று இறுகின. மார்க்கப் பிரசாரமும் அதே காலத்தில் வேகம் பிடித்தது. சூட்கேசில் வந்த உடுப்புக்கு இப்போது ஊருக்குள் ஒரு தேவை இருந்தது. முதலில் உம்ராவுக்கும் தூரப் பயணத்துக்கும் போட்டார்கள். பிறகு கலியாண வீட்டுக்கு, பிறகு சந்தைக்கு. கந்தோருக்குள் அது கடைசியாகத்தான் நுழைந்தது. நுழைத்தவர்கள் பெரும்பாலும் வெளிநாடு போன தலைமுறையின் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளைக் கந்தோர் வரை கொண்டுசேர்த்த இடங்களில் முக்கியமானது ஒலுவில். எம்.எச்.எம். அஷ்ரஃப் அமைச்சராக இருந்த காலத்தில், 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். பேராதனைக்கோ கொழும்புக்கோ மகளை அனுப்பத் தயங்கிய வாப்பாக்கள், பஸ் ஏறினால் அன்றைக்கே வீடு வந்துவிடும் தூரத்தில் பட்டம் கிடைக்கிறது என்றதும் மனம் மாறினார்கள். பாலமுனை, நிந்தவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று ஊருக்கு ஊர் முதல் பட்டதாரிப் பெண்கள் அங்கிருந்து வந்தார்கள். ஆசிரியை, அபிவிருத்தி உத்தியோகத்தர், பிரதேச செயலக எழுதுவினைஞர் என்று நியமனக் கடிதங்கள் வந்தன. விரிவுரை மண்டபத்துக்கு உடுத்தியதையே அவர்கள் கந்தோருக்கும் உடுத்தினார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு அருகிலேயே துறைமுகம். அஷ்ரஃப்பின் கனவுகளில் அதுவும் ஒன்று. டென்மார்க் கடனில் கட்டி 2013 செப்டெம்பர் 1 அன்று திறந்துவைத்தார்கள். கொள்கலன் கப்பல் வரும், தென்கிழக்கின் பொருள் எல்லாம் இங்கேயே இறங்கும் என்றார்கள். ஆனால் துறைமுக வாயிலை மணல் மூடிற்று. வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் தின்றது. மீன்பிடிப் படகுகளே உள்ளே போய்வரத் திண்டாடிய காலங்கள் உண்டு. ஆக, நம் மேலங்கி ஒலுவில் துறைமுகத்துக்கூடாக வரவே இல்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பயணப் பொதியாக இறங்கியது, அல்லது கொழும்புத் துறைமுகத்தில் கட்டாக இறங்கி லொறியில் மலையைச் சுற்றி வந்தது. கட்டிய துறைமுகம் ஒரு முழத் துணிகூடக் கொண்டுவராத கரையில், கட்டாத பாதையால் ஓர் உடுப்புக் கலாசாரமே வந்து சேர்ந்துவிட்டது.

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. இறக்குமதி ஹபாயாவுக்கு அளவு என்றால் நீளம்தான்: 52, 54, 56, 58, 60 அங்குலம். தோள் அகலமும் கையின் நீளமும் அவரவர் பாடு. சவூதிப் பளிங்குத் தரைக்கு ஏற்ற நீளம், கல்முனை வடிகானைத் தாண்டும் பெண்ணுக்கு ஒத்துவராது. ஆகவே வாங்கிய கையோடு அது தையற்கடைக்குப் போகிறது. அங்கே நிதா ஒரு சண்டைக்காரி. கத்தரி வைத்தால் வழுக்கும். தடித்த ஊசி பட்டால் நூல் இழுத்துக் கோடு விழும். விளிம்பை ஓவர்லொக் அடிக்காமல் விட்டால் பிரிந்துகொண்டே போகும். கை தேர்ந்தவர் மெல்லிய ஊசி மாட்டி, இஸ்திரி போடும்போது மேலே ஒரு பருத்தித் துண்டை விரித்துக்கொள்வார்.

கந்தோர்க்காரி கேட்கும் திருத்தங்கள் வேறு மாதிரி. ஸ்கூட்டியில் போகிறவளுக்குக் கீழ்விளிம்பு கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும், அகலமும் அளவாக வேண்டும். சில்லில் சிக்கிய ஹபாயாவும் ஷோலும் உயிரையே எடுத்திருக்கின்றன, இது விளையாட்டில்லை. டீச்சருக்குக் கை அகலமாகத் தொங்கக்கூடாது: கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே போகும். முத்திரை குத்தும் மேசையில் இருப்பவளுக்கும் அதே முறைப்பாடு, அவளுக்கு மைப்பட்டையால். சரி, மணிக்கட்டில் இறுக்கமாகக் கஃப் வைத்துவிடலாம் என்றால் லுஹர் தொழுகைக்காக வுழூ எடுக்க முழங்கை வரை ஏற்ற முடியாது. இலாஸ்டிக் போட்டால் வெயிலில் தோல் தடிக்கும். கடைசியில் அழுத்துப் பொத்தான் வைத்த பிளவு ஒன்றுதான் இரண்டுக்கும் தீர்வு. 84 வேலைநாள் பிரசவ லீவு முடிந்து வருகிறவள் முன்பக்கம் முழுக்கப் பொத்தான் கேட்பாள், இடைவேளையில் பிள்ளைக்குப் பால் கொடுக்க. எல்லோரும் பொதுவாகக் கேட்பது ஒன்று உண்டு: பொக்கெட். கைபேசியும் மேசைச் சாவியும் வைக்க, பக்கவாட்டுத் தையலுக்குள் மறைந்த ஆழமான பொக்கெட். சேலைக்கு இல்லாத வசதி இது. இவ்வளவும் சேர்ந்தபின் மிஞ்சுவது அரபு மேலங்கியின் சாயலில் ஒரு வேலை உடுப்பு. மேலே போட்டுக் கழற்றும் பொருளாக இருந்தது, அன்றைய உடுப்பாகவே மாறிவிட்டது.

ஒரே கறுப்பு, ஒரே உருவம், இதில் தனித்துவம் எங்கே என்று வெளியூர்க்காரர் கேட்பதுண்டு. பிரதேச செயலகக் கூடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர் கேட்கமாட்டார். பட்டர்ஃப்ளை வெட்டா, குடை வெட்டா, கோட் மாடலா. கழுத்தோரம் நூல் வேலையா, வெறும் குழாய்த் தையலா. ஷோல் ஒரு பக்கம் மடித்துப் பின் குத்தியதா, இருபக்கமும் விழவிட்டதா. அந்தப் பின் முத்தா, உலோகமா. சிநேகிதிகள் தூரத்தில் வரும் ஒருத்தியை நடையாலும் ஷோல் மடிப்பாலும் அடையாளம் கண்டுவிடுவார்கள். எனக்கு ஒரு கருத்து உண்டு, சொல்லிவிடுகிறேன்: கல்லுப் பதித்த ஹபாயா கந்தோருக்கு ஆகாது. குழல்விளக்கின் கீழே அது மின்னும்போது மேசைக்கு எதிரே நிற்கும் ஏழை விதவைக்குத் தன் விண்ணப்பப் படிவத்தைவிட அதுவே கண்ணில் படும். வெட்டு நன்றாக இருந்தால் மினுக்கம் தேவைப்படாது. தோள் தையல் தோளில் சரியாக உட்கார்ந்த சாதா ஹபாயா ஒன்று, முழுக்க ஜிகினா வைத்த மூன்றை வெல்லும். கடற்படை நீலம், திராட்சை நிறம், சாம்பல், ஒலிவ் பச்சை எல்லாம் இப்போது சாதாரணம். வெக்கையைப் பார்த்தால் அந்த நிறங்களே புத்திசாலித்தனம். பொலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது, சித்திரை மாதத்து மதியத்தில் மின்சாரம் நின்ற கந்தோரில் அது ஒரு தண்டனை. மருதமுனைப் பருத்தியில் மெல்லிசாக நெய்து ஹபாயாவுக்கென்றே துணி விட்டால் தறிக்கும் பிழைப்பு, போடுகிறவளுக்கும் காற்று. யாராவது செய்து பார்க்கலாம்.

இலங்கை முஸ்லிம்கள் வேலைத்தல உடுப்புக்காக வழக்காடுவது புதிதல்ல. 1905இல் வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர்நீதிமன்றத்தில் எழுந்து நின்றபோது பிரதம நீதியரசர் லேயார்ட் அதை அனுமதிக்க மறுத்தார். அந்த வருடம் டிசம்பர் 31 அன்று மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம் கூடிக் கண்டித்தது. அந்தத் தொப்பியும் இந்த நாட்டுக்கு அப்போது பழையதல்ல, வெளியிலிருந்து வந்த புதுப் பழக்கம்தான். உடுப்பு எவ்வளவு காலம் இருந்தது என்பதைப் பார்த்து மனிதர் அதற்காகச் சண்டை பிடிப்பதில்லை போலும்.

2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் சேலைக்குப் பதில் ஹபாயா அணிந்து வந்ததை எதிர்த்துப் பாடசாலை வாசலில் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஒரு பக்கம் பாடசாலையின் மரபு என்றார்கள், மறுபக்கம் அரசாங்க ஊழியரின் உரிமை என்றார்கள். விவகாரம் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் நீதிமன்றத்துக்கும் போய் ஆண்டுகள் இழுபட்டது. அதற்கு நடுவே 2019 ஏப்ரல் 21 வந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்கு எட்டு நாள் கழித்து அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்தை மூடுவது தடைசெய்யப்பட்டது. தடை முகமூடிக்கு மட்டும்தான். ஆனால் ஆஸ்பத்திரி வாசலிலும் பஸ்ஸிலும் நின்ற காவலாளிக்கு முகமூடிக்கும் ஹபாயாவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, தெரிந்துகொள்ள முயன்றவர்களும் குறைவு. மே 29 அன்று பொது நிர்வாக அமைச்சின் சுற்றறிக்கை வந்தது: அரச அலுவலகத்தில் பெண்கள் சேலை அல்லது கண்டியச் சேலையான ஒசரி. ஒரு தாள், சில வரிகள். கிழக்கின் கந்தோர்ப் பெண்களில் பலரிடம் அலுமாரியில் உத்தியோகச் சேலை ஒன்றுகூட இல்லை. கடும் எதிர்ப்பு எழுந்ததும் சில வாரங்களிலேயே சுற்றறிக்கை திருத்தப்பட்டது, முகம் தெரியும்படி இருந்தால் மத, கலாசார உடைக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் அந்த இடைவெளியில் பலர் கறுப்பை மடித்து வைத்துவிட்டு நிற ஹபாயாவுக்கும் நீளச் சல்வாருக்கும் மாறினார்கள். இன்றைக்குக் கந்தோர்களில் காணும் நிறங்களில் ஒரு பங்கு ரசனையால் வந்தது, ஒரு பங்கு பயத்தால் வந்தது.

உள்ளிருந்து வரும் கட்டாயத்தையும் சொல்ல வேண்டும். சேலை உடுத்தச் சொல்லும் சுற்றறிக்கைக்கு எதிராக ஊர் திரண்டது. ஹபாயா வேண்டாம், முக்காட்டோடு சேலைதான் எனக்கு வசதி என்று ஒரு டீச்சர் சொன்னால் அவளுக்காகத் திரள யாருமில்லை. அவளுக்குச் சுற்றறிக்கை வராது; மாமியின் ஒரு பார்வையும், வீதியில் போகிறவரின் ஒரு வார்த்தையும் போதும். சவூதி இளவரசர் முஹம்மத் பின் சல்மான் 2018 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சியில், மார்க்கம் கேட்பது கண்ணியமான உடையைத்தான், கறுப்பு ஹபாயாவை அல்ல என்று பேசினார். அங்கே இறுக்கம் தளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் இங்கே அது நிரூபிக்க வேண்டிய உரிமையாக மாறிற்று.

2022இல் ரூபாய் சரிந்தது. மார்ச்சின் தொடக்கத்தில் இருநூறு ரூபாய்க்கு இருந்த டொலர் மே மாதத்தில் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. இறக்குமதித் துணியின் விலை கடைக்காரருக்கே வெட்கத்தைக் கொடுத்தது. அந்தச் செப்டெம்பரில் அரச ஊழியர்கள் வசதியான எளிய உடையில் வரலாம் என்று பொது நிர்வாக அமைச்சு அனுமதித்தது. நவம்பரில் தென்னிலங்கை ஆசிரியைகள் சிலர் சேலையை விட்டு வேறு உடையில் பாடசாலைக்குப் போக, கல்வி அமைச்சு அதற்கு இணங்கவில்லை. ஒரு சேலைக்கு ஆகும் செலவு, தினம் உடுத்தும் நேரம், பஸ்ஸில் ஏறும் சிரமம் என்று அவர்கள் அடுக்கிய காரணங்களைக் கேட்டபோது கிழக்கின் டீச்சர்மார் சிரித்திருப்பார்கள். அவர்களுக்கு அவை பழைய நியாயங்கள்.

அந்தப் பஞ்ச காலத்தில் தையற்கடைகளுக்குப் புதுத் துணி வரவில்லை, பழைய ஹபாயாக்கள் வந்தன. ராத்தாவின் 58 தங்கச்சிக்கு 54 ஆகியது. கை நைந்தவை கையில்லாத மேற்சட்டையாகின, கல் உதிர்ந்தவை உட்துணியாகின. நிதா கிழிவது அரிது, மக்குவது அதைவிட அரிது. ஆகக் கடைசியில் அது குர்ஆன் மதுரஸாவுக்குப் போகும் சின்னப் பிள்ளையின் பர்தாவாகிறது. அதில் மிஞ்சிய துண்டு தையல் மெசினுக்கு உறை. அதையும் தாண்டியது மூலைக் கடையில் ஸ்கூட்டி இருக்கையைத் துடைக்கிறது, நிறம் இன்னும் அதே கறுப்பு.